முதலில் பயிற்சியாளர், பிறகு ஹோட்டல்

அன்பு மகளுக்கு,

டிசம்பர் லீவில் நான்கு பேரும் ஜப்பானின் ஹொக்கைடோ தீவிலுள்ள நிசேகோவுக்குப் பனிச்சறுக்கப் போவதாக முடிவு செய்தது ரொம்ப சந்தோஷம் கண்ணு. நீ அனுப்பிய பட்டியலில் ஹோட்டல் இருக்கிறது, விமானம் இருக்கிறது, பயிற்சியாளர் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதைத்தான் முதலில் பதிவு செய்ய வேண்டும். ஆங்கிலத்தில் சொல்லித்தருபவர்கள் டிசம்பர் கடைசிக்குச் சீக்கிரமே நிரம்பிவிடுவார்கள். அறை இரண்டு தெரு தள்ளிக் கிடைத்தாலும் சமாளிக்கலாம். சொல்லித்தர ஆள் இல்லாமல் சரிவில் நின்றால் முதல் மூன்று நாளும் விழுந்து எழுவதிலேயே போய்விடும்.

சிங்கப்பூரில் பள்ளி லீவு நவம்பரிலேயே தொடங்குகிறதே என்று முன்கூட்டிப் போகாதே. சைபீரியக் குளிர்காற்று ஜப்பான் கடலைத் தாண்டும்போது ஈரத்தை அள்ளிவந்து ஹொக்கைடோ மலைகளில் பொடிப்பனியாகக் கொட்டுகிறது. டிசம்பர் தொடக்கத்தில் அது போதிய அளவு சேர்ந்திருக்காது. மூங்கில் புதர்கள் தலைநீட்டும், சரிவின் மேலே ஏற்றிவிடும் லிப்ட்டுகளில் சில ஓடாது. கிறிஸ்துமஸ் வாரத்தில் வாடகை எகிறும். 14 முதல் 21 வரை என்றால் சரியாக இருக்கும். ஜனவரிப் பனி இன்னும் ஆழமானதுதான், ஆனால் புதிதாகக் கற்பவர்களுக்கு, இயந்திரத்தால் பனியைச் சமப்படுத்திச் சீர்செய்த ஒரு சரிவு போதும்.

பேரனுக்கு ஒன்பது வயது, ஸ்னோபோர்டு தாராளமாகக் கற்கலாம். குட்டிக்கு ஐந்துதான், அவளை ஸ்கீ வகுப்பில் சேர். இரண்டு காலையும் ஒரே பலகையில் கட்டிவிட்டால் அந்த வயதில் திருப்ப வலு போதாது. ஸ்கீயில் முன்முனைகளைச் சேர்த்து ஆப்பு மாதிரி வைத்தால் தானாக நின்றுவிடுவாள். பல பனிச்சறுக்குப் பள்ளிகள் ஏழு வயதுக்கு மேல்தான் ஸ்னோபோர்டு குழுவில் எடுக்கும். நீயும் மாப்பிள்ளையும் ஸ்னோபோர்டுதானே, முதல் மூன்று நாள் காலை வகுப்பு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மத்தியானத்துக்கு மேல் தொடை ஓய்ந்துவிடும், அடிபடுவதும் அப்போதுதான்.

பலகையை அங்கேயே வாடகைக்கு எடுங்கள். பூட்ஸ் விஷயத்தில்தான் கவனம் வேண்டும். ஜப்பானில் காலளவு சென்டிமீட்டரில் கேட்பார்கள். சாயங்காலம் கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், குதிகாலைச் சுவரில் ஒட்டி ஒரு தாளின் மேல் நில். நீளமான விரல் முடியும் இடத்தில் கோடு போட்டு அள. இரண்டு காலில் பெரியதை எழுது. கடையில் பூட்ஸ் போட்டு நிமிர்ந்து நின்றால் விரல் நுனி லேசாக முன்னால் தொட வேண்டும், முழங்காலை மடக்கினால் விலக வேண்டும். குதிகால் மட்டும் மேலே எழவே கூடாது. எழுந்தால் நீ காலைச் சாய்த்தாலும் பலகை சாயாது. குளிருக்குப் பயந்து இரண்டு சாக்ஸ் போட்டால் இரத்த ஓட்டம் தடைப்பட்டு விரல் இன்னும் விறைக்கும். ஒரே ஒரு கம்பளி சாக்ஸ் போதும். உள் பேன்ட்டின் ஓரத்தை பூட்ஸுக்குள் திணிக்காதே, அந்த மடிப்பு முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பைப் புண்ணாக்கிவிடும்.

பலகையின் நீளத்தை முதலில் எடையை வைத்துத்தான் பார்ப்பார்கள். அதனால் வாடகைப் படிவத்தில் எடையைக் குறைத்து எழுதாதே. நிறுத்திப் பார்த்தால் தாடைக்கும் மூக்குக்கும் நடுவே வரும். பூட்ஸைப் பலகையோடு பிணைக்கும் பைண்டிங்கை முன்கால் 15 டிகிரி, பின்கால் எதிர்ப்பக்கம் 15 டிகிரி வைக்கச் சொல், வாத்து நிற்பதுபோல.

முதல் நாள் எல்லோரையும் கீழே தள்ளுவது ஒரே தவறு. பலகை பனியில் தட்டையாக இருக்கும்போது சரிவின் கீழ்ப்பக்கம் பார்த்த விளிம்பு பனியில் மாட்டும். கண் இமைப்பதற்குள் ஆளைத் தூக்கி அடிக்கும், பின்பக்கம் என்றால் பிடரியில் படும். ஹெல்மெட் இல்லாமல் யாரும் லிப்ட்டில் ஏறக்கூடாது. பின்னால் விழுந்தால் தாடையை மார்பில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்த நிலையிலேயே விழ வேண்டும். முன்னால் விழுந்தால் விரல்களை மடக்கி, முழங்கை வரை முன்கை முழுவதும் பனியில் படும்படி விழ வேண்டும். உள்ளங்கையை விரித்து ஊன்றினால் மணிக்கட்டு முறியும். ஸ்னோபோர்டு கற்பவர்களுக்கு அதிகம் முறிவது மணிக்கட்டுதான், ஆகவே மூன்று பேருக்கும் மணிக்கட்டுக் காப்பு சிங்கப்பூரிலேயே வாங்கிவிடு.

துணியில் பருத்தி வேண்டாம், வியர்வையைக் குடித்துக்கொண்டு ஈரமாகவே கிடக்கும். உள்ளே மெல்லிய கம்பளி, நடுவே ஃப்ளீஸ், மேலே தண்ணீர் புகாமல் தாங்கும் அளவு (லேபிளில் பார்) 10,000 மி.மீ.க்குக் குறையாத ஜாக்கெட். பிள்ளைகளுக்கு விரல்கள் சேர்ந்திருக்கும் மிட்டன், ஆளுக்கு இரண்டு ஜோடி. அங்கே பாதி நாள் மேகமும் பனிப்பொழிவும்தான், கறுப்புக் கண்ணாடி போட்டால் மேடு பள்ளம் தெரியாது. இளஞ்சிவப்போ மஞ்சளோ வாங்கு. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவைத்தால் வியர்வை ஆவி பிடிக்கும். உட்புறத்தைத் தேய்க்காமல் துணியால் ஒற்றியெடு.

நியூ சிட்டோஸே விமான நிலையத்திலிருந்து பஸ்ஸில் ஏறக்குறைய மூன்று மணி நேரம். இரவில் இறங்கினால் சிட்டோஸேயிலேயே தங்கிக் காலையில் கிளம்புங்கள். காரை வாடகைக்கு எடுக்கும் யோசனையை மாப்பிள்ளை விட்டுவிடட்டும். உறைபனிச் சாலையில் பழகாத கை ஓட்டக்கூடாது. அவர் சைவம் என்பதால் சமையலறை உள்ள அபார்ட்மென்ட் எடு. அங்கே மிசோ சூப்பிலும் நூடுல்ஸ் சாற்றிலும் பெரும்பாலும் மீன் சாறு கலந்திருக்கும். பருப்புப்பொடி கொண்டுபோ, பச்சைக் கறிவேப்பிலையும் பழமும் வேண்டாம். தாவரச் சோதனைச் சான்றிதழ் இல்லாமல் ஜப்பானுக்குள் விடமாட்டார்கள்.

காப்பீட்டில் குளிர்கால விளையாட்டு சேர்ந்திருக்கிறதா என்று வரிவரியாகப் படி. சீர்செய்யாத சரிவைப் பல நிறுவனங்கள் விலக்கிவிடும். கயிறு கட்டிய இடத்தைத் தாண்டவே கூடாது என்று பேரனிடம் இப்போதே சொல்லிவை. மரத்தடியில் பனி இறுகாமல் குழியாக இருக்கும், தலைகீழாக விழுந்தால் மூச்சு முட்டிவிடும். கயிற்றைத் தாண்டினால் லிப்ட்டில் ஏறும் பாஸையும் பிடுங்கிக்கொள்வார்கள். முதல் இரண்டு நாள் நிசேகோவின் நான்கு பகுதிக்கும் செல்லும் பாஸ் வாங்காதே, அதில் ஹிராஃபு பகுதி ஒன்றே போதும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நால்வருடைய காலளவையும் எடையையும் எடுத்து அனுப்பு. படிவத்தை நானே நிரப்பித் தருகிறேன்.

அன்புடன்,
அப்பா