பைக்ல சாமான் கட்டுறதுக்கு அவ்ளோ செலவு பண்ண வேண்டியதில்லைங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல, பைக்ல தூரமா போறவங்க என்னென்ன லக்கேஜ் வாங்கலாம்னு ஒரு கட்டுரை போட்டிருந்தீங்க. நல்லா எழுதியிருந்தாங்க, படமெல்லாம் அருமை. ஆனா அதுல சொல்லியிருந்த அலுமினியப் பெட்டி ரெண்டு, அதை மாட்டுற ஃப்ரேம், பின்னாடி ஒரு டாப் பாக்ஸ், எல்லாத்தையும் கூட்டிப் பார்த்தா எங்க ஊர் சந்தையில ஓடுற கண்டிஷன்ல ஒரு பழைய ஸ்ப்ளெண்டரே வாங்கிடலாம். உங்க பேப்பர் படிக்கிறவங்கள்ல பாதிப் பேருக்கு மேல ஸ்ப்ளெண்டர், பிளாட்டினா, எக்ஸெல் ஓட்டுறவங்கதான் இருப்போம், எங்களுக்கும் தினமும் சாமான் ஏத்திக்கிட்டுப் போற வேலை இருக்கு, அதனாலதான் இந்த லெட்டர். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

நான் நாமக்கல் பக்கம் கல்யாணம், காதுகுத்து, சீர் இதுக்கெல்லாம் போட்டோ வீடியோ எடுக்குறவன். பதினாலு வருஷமா ஸ்ப்ளெண்டர்லதான் போறேன். கேமரா ரெண்டு, லென்ஸ் மூணு, ஃப்ளாஷ், ட்ரைபாட், லைட் ஸ்டாண்ட் ரெண்டு, பேட்டரி, சார்ஜர், காலையில மூணு மணி முகூர்த்தம்னா ஒரு மாத்துத் துணியும் போர்வையும். மாசத்துல ஒண்ணு ரெண்டு தடவை கொல்லிமலை ஏறணும், 70 கொண்டை ஊசி வளைவு. வருஷத்துக்கு ஒருக்கா நண்பர்களோட வால்பாறை, தனுஷ்கோடின்னு சும்மாவும் போறதுண்டு. அதனால மலை, மழை, காத்து எல்லாத்துலயும் சாமான் கட்டிப் பழகினவன்தான் பேசுறேன்.

நான் சொல்ல வர்றது ஒரே விஷயம்தான். பை விலை கம்மியா இருந்தா ஒண்ணும் ஆகாது. அந்தப் பையை வண்டியோட பிடிச்சு நிறுத்துற கம்பி, பட்டை, கட்டு, இதுல காசு மிச்சம் பிடிக்கவே கூடாது. நம்மாளுங்க நெறைய பேரு இதை அப்படியே தலைகீழா பண்றாங்க, நானும் அப்படித்தான் பண்ணேன்.

2018 ஐப்பசி மாசம். ஆன்லைன்ல 900 ரூபாய்க்கு ஒரு சேடில் பேக் வாங்கியிருந்தேன், சீட்டுக்குக் குறுக்கால ரெண்டு பட்டை போட்டு ரெண்டு பக்கமும் தொங்க விடுற டைப்பு. சேந்தமங்கலம் தாண்டி காரவள்ளி போற ரோடு, பின்னாடி என்கூட வேலைக்கு வர்ற தம்பி உட்கார்ந்திருந்தான். வலது பக்கப் பையில பட்டையை இழுத்துக் கட்டுன பிறகு முனை ஒரு ஒன்றரை அடி மிச்சமா தொங்குச்சு, மடிச்சுச் சொருகணும்னு நெனச்சேன், முகூர்த்தத்துக்கு நேரமாகுதுன்னு அப்படியே கிளம்பிட்டேன். அது காத்துல ஆடி ஆடி ஸ்போக்ஸ்ல சிக்கி கண்ணை மூடித் தொறக்குறதுக்குள்ள சக்கரத்தோட சேர்ந்து சுருட்டிக்கிச்சு. யாரோ பின்னாடி இருந்து புடிச்சு இழுத்த மாதிரி பின்சக்கரம் நின்னு போச்சு. முப்பதுலதான் போயிட்டிருந்தேன், வண்டி சறுக்கி ஓரத்து மண்ணுல சாஞ்சுது, ரெண்டு பேருக்கும் முழங்கையில சிராய்ப்பு, அவ்வளவுதான். ஆனா பின்னாடி டவுன் பஸ் வந்துட்டிருந்துச்சு. டிரைவர் அண்ணன் பார்த்து பிரேக் போட்டாரு. அவரு பார்க்கலைன்னா இந்த லெட்டர் எழுத நான் இல்லைங்க.

எந்திரிச்சுப் பார்த்தா அச்சுல அந்த நைலான் பட்டை நூல்கண்டு மாதிரி சுத்தி இறுகிக் கெடக்குது. கையால பிரிக்கவே முடியல, பக்கத்துத் தோட்டத்துல இருந்து ஒரு அம்மா அருவா கொண்டாந்து குடுத்தாங்க, கொஞ்சம் கொஞ்சமா அறுத்து எடுத்தோம். அப்பத்தான் இன்னொண்ணும் கண்ணுல பட்டுச்சு. பையோட அடிப்பக்கம் சைலன்சர்ல ஒட்டி உள்ளங்கை அகலத்துக்கு உருகி ஓட்டை, ஓரமெல்லாம் கருகி கல்லு மாதிரி ஆகியிருந்துச்சு, உள்ள இருந்த போர்வையும் கருக ஆரம்பிச்சிருந்துச்சு. நல்லவேளை அந்தப் பக்கம் பேட்டரி வெக்கல.

அந்தப் பையைக் குறை சொல்லி என்ன பண்றது, தொங்குற பைக்கும் சக்கரத்துக்கும் நடுவுல ஒண்ணுமே இல்லாம விட்டது என் தப்புதானே. அடுத்த வாரமே நாமக்கல்ல லாரி பாடி கட்டுற பட்டறை ஒண்ணுக்கு வண்டியைக் கொண்டு போனேன். அரை இஞ்ச் பைப்பை வளைச்சு ரெண்டு பக்கத்துக்கும் ஸ்டே, அதாவது பையைத் தாங்குற கம்பிச் சட்டம், போட்டுக் குடுத்தாரு, 850 ரூபா வாங்குனாரு. மேல ஷாக் அப்சார்பர் போல்ட்டுல ஒரு பிடி, கீழ பின்னாடி ஃபுட்ரெஸ்ட் பக்கம் ஒரு பிடி, பின்னால கேரியர்ல ஒரு பிடி. சேஸிஸ்ல வெல்டிங் வெக்கவே வேணாம்னு அவரே சொல்லிட்டாரு, எல்லாமே போல்ட்டுதான், ஸ்பிரிங் வாஷர் போட்டு. இடது பக்கம் சேலை கார்டு ஏற்கனவே இருக்குறதால அங்க வேலை கம்மி. வலது பக்கம்தான் சைலன்சர், அங்க தொங்குற பைக்கும் சைலன்சருக்கும் நாலு விரல் இடைவெளியாவது விடச் சொல்லுங்க. கிக்கர் அடிக்கும்போது கம்பி இடிக்குதான்னு பட்டறையிலயே அடிச்சுப் பார்த்துடணும், பின்னாடி ஆளை உட்கார வெச்சும் பார்க்கணும், வீட்டுக்கு வந்து பார்த்தா திரும்பப் போகணும். ரெட் ஆக்சைடு அடிச்சுட்டு மேல கருப்பு பெயிண்ட் அடிச்சா ஆறேழு வருஷம் துரு பிடிக்காம ஓடுது, என்னோடது இன்னும் அதேதான்.

கம்பி சரியாயிட்டா பை எதுவா இருந்தாலும் பரவாயில்லைங்க. வசதி இருந்தா பெங்களூரு வயாடெரா, மும்பை ரைனாக்ஸ் எல்லாம் நல்ல பைதான், நம்ம நாட்டுக் கம்பெனிங்கதான், இல்லேங்கல. எனக்குக் கட்டுப்படியாகல. லாரிக்குத் தார்பாய் தைக்கிற கடையிலயே போய்க் கேட்டேன். வெட்டி மிச்சமான வினைல் தார்பாய்த் துண்டுல ரெண்டு பை, கூலியோட 1,400 ரூபா. லாரி லோடையே மழையில காப்பாத்துற துணி, என் லைட் ஸ்டாண்டைக் காப்பாத்தாதா? ஜிப் வேணாம்னு சொல்லிட்டேன், வாயைச் சுருட்டி மடிச்சு பக்கிள் போடுற மாதிரி தைக்கச் சொன்னேன், ஏன்னா எந்தப் பையிலயும் மொதல்ல போறது ஜிப் ரன்னர்தான், மண்ணு ஏறுனா பல்லு பிடிக்காம வாயைப் பொளந்துக்கும். நைலான் நூல்லதான் தைக்கணும், பருத்தி நூல் நனைஞ்சு நனைஞ்சு இத்துப் போயிடும். பட்டை வந்து தைக்கிற இடத்துல குறுக்கும் நெடுக்குமா பெட்டித் தையல் போடச் சொல்லுங்க, இழுப்பு முழுக்க அங்கதான் வரும். பை தொளதொளன்னு இருந்தா ஸ்டேக்குள்ள நுழைஞ்சு சக்கரத்தைத் தொடும், அதுக்குப் பழைய பிளாஸ்டிக் டிரம்ம வெட்டி முதுகுப் பக்கமும் அடியிலயும் சொருகியிருக்கேன், நல்லா வெறப்பா நிக்குது. லாரி பட்டறை இல்லாத ஊர்ல பைக் சீட் கவர் தைக்கிறவங்க இருப்பாங்க, அவங்ககிட்டயே கேட்கலாம், ஆனா ரெக்ஸின் வேணாம், வெயில்ல வெடிச்சுடும்.

எவ்ளோ பெருசு வேணும்னு கேக்குறவங்களுக்கு நான் சொல்றது, வீட்டுல இருக்குற வாட்டர் கேனைப் பாருங்க, அது 20 லிட்டர். ஒரு பக்கத்துக்கு அந்த அளவு போதும். ரெண்டு பக்கமும் சேர்ந்து 40, பின்னாடி சின்னதா ஒரு மூட்டை, நாலு நாள் டிரிப்புக்கே தாராளம். பெரிய பை வாங்குனா அதை நெரப்புற வரைக்கும் மனசு அடங்காதுங்க, தேவையில்லாததெல்லாம் உள்ள போகும்.

எடை விஷயத்துல கொஞ்சம் கவனமா இருக்கோணும். வண்டி மேனுவல்ல மொத்தம் எவ்ளோ ஏத்தலாம்னு போட்டிருப்பான், அதுல ஓட்டுறவரு, பின்னாடி உட்கார்றவரு, சாமான் எல்லாம் சேர்த்தி. ரெண்டு பேர் உட்கார்ந்துட்டாலே பாக்கி ரொம்ப இருக்காது. காய்கறிக் கடையில கொக்கி போட்டுத் தூக்குற தராசு 200, 300 ரூபாய்க்குக் கிடைக்குது, அதுல ரெண்டு பையையும் தூக்கிப் பார்த்து சமமா வெக்கிறேன், ஒரு கிலோ முன்ன பின்ன இருந்தா பரவாயில்ல. கனமானதெல்லாம் பையோட அடியில, முன்பக்கமா. பின்னாடி கேரியர்ல போர்வை, துணி மாதிரி லேசானது மட்டும். கேரியர்ல கனத்தை ஏத்துனா முன்சக்கரம் லேசாயிடும், அறுபதைத் தாண்டுனா ஹேண்டில் ஆடும், கொல்லிமலை மாதிரி ஏத்தத்துல வளைவுல திருப்பும்போது வண்டி நம்ம சொன்ன பேச்சு கேக்காது. கூடவே முன்லைட் மேல தூக்கிக்கும், எதுத்தாப்புல வர்றவங்க கண்ணு கூசும், ராத்திரி கெளம்புறதுக்கு முன்னாடி லைட்டைக் கொஞ்சம் கீழ எறக்கி வெச்சுடுங்க. பின் டயருக்கு ரெண்டு பேர் போறப்ப எவ்ளோ காத்துன்னு போட்டிருப்பான்ல, சாமான் ஏத்துனா அந்தக் காத்துதான் அடிக்கணும்.

கொக்கி வெச்ச ரப்பர் கயிறு பத்தி சொல்லியே ஆகணும். எல்லாரும் அதைத்தான் வாங்குறாங்க, எங்க பார்த்தாலும் 50 ரூபாய்க்குத் தொங்குது. இழுத்து மாட்டும்போது கை நழுவுச்சுன்னா கொக்கி நேரா மொகத்துக்கு வருது. எங்க ஊர்லயே ஒரு அண்ணனுக்குப் புருவத்துல மூணு தையல், அரை இஞ்ச் கீழ பட்டிருந்தா கண்ணு போயிருக்கும். ரப்பர் நீளுற சாமான், பள்ளத்துல வண்டி குதிச்சா மூட்டையும் குதிக்கும், கொக்கி கழண்டுக்கும். அதுக்குப் பதிலா பக்கிள் வெச்ச நைலான் பட்டை ரெண்டு வாங்குங்க, இழுத்தா இறுகும், அழுத்துனா விடும். அதுவும் வேணாம்னா பழைய சைக்கிள் டியூப்பை நீளமா வெட்டிக் கட்டுங்க, பால்காரங்க, கொரியர்காரங்க எத்தனையோ வருஷமா அதுலதான் கட்டுறாங்க, கொக்கி இல்ல, காசும் இல்ல. வெயில்ல வெடிப்பு விட்டுச்சுன்னா தூக்கிப் போட்டுட்டு வேற வெட்டிக்கணும். எதைக் கட்டுனாலும் மிச்ச முனையை மடிச்சுச் சொருகிட்டுத்தான் சாவியைப் போடணும், என் கதையை மேலயே சொல்லிட்டேன்.

மழைக்குப் பைக்கு மேல போடுற கவரை நம்பாதீங்க. ஓட ஓட காத்து பூந்து பலூன் மாதிரி ஊதி, எங்கயோ பறந்து போயிடும், பின்னாடி வர்றவர் மொகத்துலகூட ஒட்டிக்கும். தண்ணியை உள்ளாற தடுக்கிறதுதான் நல்லது. கெட்டியான பெரிய பாலிதீன் பை ரெண்டு, ஒண்ணுக்குள்ள ஒண்ணு போட்டு, வாயை முறுக்கி மடிச்சு ரப்பர் பேண்டு போட்டு, அதைப் பைக்குள்ள வைங்க. தார்பாய்ப் பையிலயும் ஊசி போன ஓட்டை வழியா தண்ணி கசியத்தான் செய்யும், ஐப்பசி கார்த்திகை மழையில ரெண்டு மணி நேரம் ஓட்டுனா தெரியும்.

கேமரா மாதிரி சாமான் இருக்குறவங்களுக்குத் தனியா ஒரு வார்த்தை. பக்கவாட்டுப் பையிலயோ கேரியர் பெட்டியிலயோ வெக்காதீங்க, அதிர்வு அங்க ரொம்ப ஜாஸ்தி. ஆப்பிள் கம்பெனியே 2021ல, ஐபோனை பைக் ஹேண்டில்ல மாட்டி ஓட்டுனா அதிர்வுல கேமரா கெட்டுப் போகலாம்னு எச்சரிக்கை குடுத்தாங்க, ஆட்டத்தைச் சரிபண்றதுக்குன்னு உள்ள இருக்குற பாகம் அவ்ளோ மென்மையானது, நம்ம லென்ஸ்லயும் அந்த மாதிரிதான் இருக்கு. நான் டேங்க் மேல வெக்கிற காந்தப் பை ஒண்ணு பழசா வாங்குனேன், உள்ள சோஃபா கடையில கழிச்சுப் போட்ட ஃபோமை லென்ஸ் அளவுக்கு வெட்டி அடுக்கியிருக்கேன், ஃபோமுக்கு 60 ரூபா ஆச்சு. ஸ்ப்ளெண்டர் டேங்க் இரும்பு, காந்தம் நல்லா பிடிக்கும், மேல பிளாஸ்டிக் மூடி இருக்குற வண்டியில பிடிக்காது, அதுக்குப் பட்டை போட்ட மாடல்தான். வெக்கிறதுக்கு முன்னாடி காந்தத்தைத் துடைச்சுடுங்க, இரும்புத்தூள் ஒட்டியிருந்தா டேங்க்ல கோடு விழும். தோள்ல பேக்பேக் போட்டுக்கிட்டு போறது அரை மணி நேரத்துக்குச் சரி, அதுக்கு மேல முதுகு தாங்காது, விழுந்தா கேமராவும் முதுகும் ஒண்ணாப் போகும்.

சட்டமும் இருக்குங்க, நெறைய பேருக்குத் தெரியல. மோட்டார் வாகன விதியில 2020ல கொண்டு வந்த திருத்தப்படி பைக்ல வெக்கிற பெட்டி 55 சென்டிமீட்டர் நீளம், 51 அகலம், 50 உயரத்துக்கு மேல இருக்கக் கூடாது. பின்சீட்டு மேல பெட்டி வெச்சா பின்னாடி ஆள் ஏத்தக் கூடாது. பெட்டி செய்யக் குடுக்குறதுக்கு முன்னாடியே டேப்பு வெச்சு அளந்துக்கோங்க. நம்பர் பிளேட்டையும் பின்லைட்டையும் மூட்டை மறைக்காம பார்த்துக்கோங்க.

ஆசிரியர் சாருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை இந்த மாதிரி போடும்போது கம்பெனிப் பையோட, ஊர் ஊருக்கு இருக்குற தார்பாய்க் கடை, சீட் கவர் கடை, வெல்டிங் பட்டறை இவங்களைப் பத்தியும் ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்க. மருந்து ரெப், கொரியர் பசங்க, செல்போன் ரிப்பேர்காரங்க, சாப்பாடு டெலிவரி பண்ற தம்பிங்க, எல்லாரும் தினமும் எதையாவது கட்டிக்கிட்டுத்தான் ரோட்டுல போறாங்க. எழுதுறவங்க நாமக்கல் பக்கம் வந்தா என் வண்டியையே நிறுத்திக் காட்டுறேன். ஸ்டேயைக் கழட்டிக் கையில குடுக்குறேன், வேணுங்கிற அளவெல்லாம் எடுத்துக்கட்டும்.

இப்படிக்கு,
போட்டோகிராபர், நாமக்கல் மாவட்டம்