எட்டில் எத்தனை பங்கு என்பதோடு நின்றுவிடாதீர்கள்

சென்னை மண்டல வானிலை ஆய்வு மைய அதிகாரிகளுக்கு,

வணக்கம். பாம்பன் கரையிலிருந்து எழுதுகிறோம். வானத்தை அண்ணாந்து பார்ப்பதற்கு எங்களுக்குச் சம்பளம் கிடையாது. ஆனாலும் பார்க்கிறோம். சிலருக்கு அது பிழைப்பு, சிலருக்குப் பித்து.

உங்கள் நிலையங்களில் மேகத்தின் வகையையும், வானத்தில் எட்டில் எத்தனை பங்கு மூடியிருக்கிறது என்பதையும் மூன்று மணிக்கொருமுறை எழுதிவைக்கிறார்கள். ஒழுங்கான வேலைதான். ஆனால் அபூர்வ மேகம் மணி பார்த்து வருவதில்லை. ஐப்பசியில் சில நாள் இடிமேகத்தின் முன்விளிம்பில் தாழ்வாக ஒரு நீண்ட வளைவு கிளம்பும். மேல்பக்கம் வழவழவென்று அடுக்கடுக்காக இருக்கும், அடிப்பக்கம் கந்தலாகக் கலங்கும். அதன் கீழே கடல் கறுத்துவிடும். குளிர்காற்று முகத்தில் அறையும்போது வல்லத்துக்காரர் பாதி வலையைத்தான் இழுத்திருப்பார். இடிமேகத்திலிருந்து கொட்டும் குளிர்காற்று, எதிரே இருக்கும் ஈரக்காற்றை நெம்பி மேலே தள்ளுவதால் உண்டாவது இது. அரைமணிக்குள் எல்லாம் முடிந்துவிடும். பதிவேட்டில் இடி இருக்கும், மழை இருக்கும். அந்த வளைவு இருக்காது.

எதிலும் ஒட்டாமல் தனியே உருளும் குழாய்மேகம் இன்னும் அரிது. ஆஸ்திரேலியாவின் பர்க்டவுனில் செப்டம்பர், அக்டோபரில் அதற்காகக் காத்திருந்து, எஞ்சின் இல்லாத கிளைடர் விமானத்தில் ஏறி அதன் முன்னால் சறுக்குகிறார்கள். (கையில் காசிருந்தால் நாங்களும் போவோம்.) உலக வானிலை அமைப்பின் மேக அட்லஸில் அது 'வொலூட்டஸ்' என்று இடம்பிடித்தது 2017இல்தான். கொந்தளிக்கும் கடலைத் தலைகீழாகப் பார்ப்பதுபோன்ற 'ஆஸ்பெரிடாஸ்' அதே பதிப்பில் சேர்ந்தது. அதற்குக் காரணம் சாதாரண மக்கள் எடுத்தனுப்பிய படங்கள். 2005இல் பிரிட்டனில் தொடங்கிய மேக ரசிகர் சங்கம் அவற்றைத் திரட்டிப் பல ஆண்டுகள் வாதாடியது.

எனவே கேட்கிறோம். மீன்வளத் துறையோடு பேசி, கடலுக்குப் போகும் படகுகளுக்கு அனுமதி டோக்கன் கொடுக்கும் இடங்களிலும் நாட்டுப்படகுகள் கரையேறும் ஊர்களிலும் ஒரு குறிப்பேடு வையுங்கள். நாள், நேரம், மேகம் வந்த திசை, அப்போது வீசியது வாடையா (வடக்குக் காற்று) கொண்டலா (கிழக்கு) சோழகமா (தெற்கு), கைப்பேசியில் ஒரு படம். இவ்வளவு போதும். தள்ளியிருக்கும் மூக்கையூர் கரைக்கு மேலே உருண்ட மேகம் பாம்பன் நிலையத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லையே. வந்த படங்களைச் செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிட்டு, இது இன்னது என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள். பதில் வராத குறிப்பேட்டில் இரண்டாம்முறை யாரும் எழுதமாட்டார்கள்.

பதில் தமிழில் இருக்கட்டும். டோக்கன் அலுவலகச் சுவரில் நாங்களே ஒட்டிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பாம்பன் கரையில் மேகம் பார்ப்பவர்கள்