ஜவுளிக்கடைகளை இரவு பத்து மணிக்குச் சோதியுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடை ஊழியர்களுக்கு இருக்கை வசதி செய்துதர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. கேரளத்தில் 2018-லேயே வந்த திருத்தம் இது; அதற்கு முன் கோழிக்கோட்டு ஜவுளிக்கடைப் பெண்கள் போராட வேண்டியிருந்தது. நல்ல சட்டம்தான். ஆனால் ரெடிமேட் பிரிவில் கவுன்ட்டரே இல்லாததால் ஸ்டூல் போட இடமில்லை. வாசலில் கைகூப்பி நிற்பவருக்கும் இல்லை. ஸ்டூல் கிடக்கும் இடத்திலும் உட்காரலாமா கூடாதா என்பதை ஃப்ளோர் சூப்பர்வைசர்தான் முடிவுசெய்கிறார். இருக்கையைப் பற்றிப் பேசிய அளவுக்கு நாம் வேலைநேரத்தைப் பற்றிப் பேசவில்லை.

அதே சட்டம் நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வேலைநேரத்தை வரையறுக்கிறது. ஓவர்டைமையும் சேர்த்து நாளைக்கு 10 மணி, வாரத்துக்கு 54 மணியைத் தாண்டக் கூடாது. நான்கு மணி நேர வேலைக்குப் பின் ஒரு மணி நேர இடைவேளை தர வேண்டும். ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம். கடைகளை 24 மணி நேரமும் திறந்துவைக்க 2019-ல் வந்து பின்னர் நீட்டிக்கப்பட்ட அரசாணை, இந்த உச்சவரம்பைப் பத்தரை மணி, 57 மணி எனச் சற்று உயர்த்தியது. கூடவே, முறையாகப் பதியாமல் ஓவர்டைம் வேலை வாங்கினால் நடவடிக்கை என்றும் எச்சரித்தது.

காலை 9.30-க்கு உள்ளே வந்து இரவு 9.30-க்கு வெளியேறும் ஊழியருக்கு, சாப்பாட்டுக்கு முழுதாக ஒரு மணி நேரம் கிடைப்பதாகவே வைத்துக்கொள்வோம். அப்போதும் வேலை 11 மணி நேரம். அதில் ஓவர்டைம் மட்டும் 3 மணி. மாதச் சம்பளம் 12,000 ரூபாய் என்றால், 26 நாளால் வகுத்து அதை 8 மணியால் வகுக்க, மணிக்கு ஏறத்தாழ 57.70 ரூபாய். இரட்டிப்பாக 115.40. மாதம் 78 மணி நேர ஓவர்டைமுக்கு வரவேண்டியது 9,000 ரூபாய். சம்பளத்தில் முக்கால் பங்கு! இந்தத் தொகை சம்பளச் சீட்டில் ஏறாமலே போகிறது. பல கடைகளில் சம்பளச் சீட்டே கிடையாது.

இந்த நேரம் எங்கே மறைகிறது? ஷட்டர் இறங்கியதும் கைரேகை எந்திரத்தில் வெளியேறும் பதிவை வைக்கச் சொல்வார்கள். அதன் பிறகுதான் பிரித்துப்போட்ட புடவைகளை மடித்து அடுக்குவது, ஸ்டாக் எண்ணுவது, ரேக்குகளை நிரப்புவது எல்லாம். ஆடித் தள்ளுபடியில் தொடங்கித் தீபாவளி வரை வார விடுமுறை தள்ளிப்போடப்படும். ஈடாக வேறொரு நாளும் கிடைக்காது. கட்டாயம் எடுத்தால் அந்த நாள் சம்பளம் பிடித்தம். வார விடுமுறை சம்பளத்துடன் கூடியது என்பதையே பலரும் அறியாமலிருக்கிறார்கள். தென்மாவட்டங்களிலிருந்து வந்து கடையின் விடுதியிலேயே தங்கும் பெண்களால் இதை எதிர்த்துக் கேட்கவும் முடிவதில்லை. வேலை போனால் அன்றிரவு படுக்க இடமும் போய்விடும்.

பொய்க்கணக்கின் சேதம் ஓவர்டைமோடு நிற்பதில்லை. இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் காப்பீட்டில் நோய்க்கால உதவித்தொகை பெற, ஏப்ரல்–செப்டம்பர் அல்லது அக்டோபர்–மார்ச் பங்களிப்புக் காலத்தில் குறைந்தது 78 நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும். மாதம் முழுக்க உழைத்தவருக்குப் பத்து நாள் மட்டும் காட்டினால் ஆறு மாதத்தில் 60 நாள்தான் தேறும். பிறகு டைபாய்டில் படுத்தால் 70 சதவீதச் சம்பளமாக வரவேண்டிய உதவித்தொகை வராது. பி.எஃப். என்னும் வருங்கால வைப்புநிதியிலும் இப்படித்தான். 14,000 ரூபாய் சம்பளத்தை 7,000 அடிப்படை, மீதி அலவன்ஸ் என்று பிரித்து, 1,680 கட்ட வேண்டிய இடத்தில் 840 கட்டுகிறார்கள். நிர்வாகத்தின் பங்கும் அதேபோல் பாதியாகிறது. எல்லோருக்கும் ஒரே மாதிரி தரும் அலவன்ஸை அடிப்படைச் சம்பளத்தோடு சேர்த்தே பி.எஃப். கணக்கிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2019 பிப்ரவரியில் சொல்லிவிட்டது.

தொழிலாளர் துறைக்கு ஒரு வேண்டுகோள். ஆய்வாளர்கள் பகலில் வந்து வருகைப் பதிவேட்டைப் புரட்டினால் அது ஒழுங்காகத்தான் இருக்கும். இரவு பத்து மணிக்கு வாருங்கள். கைரேகைப் பதிவைப் பில்லிங் கணினியின் கடைசிப் பில் நேரத்தோடும், விடுதி வாசல் பதிவேட்டோடும், மாடிகளின் சிசிடிவி பதிவோடும் ஒப்பிடுங்கள். நான்கும் ஒரே நேரத்தைக் காட்டாவிட்டால் அங்கேயே வழக்குப் பதிய ஆதாரம் இருக்கிறது. ஆடி பிறக்குமுன் இதைத் தொடங்க வேண்டும். தீபாவளி முடிந்தபின் வந்தால், சீசனுக்கு என்று எடுத்த ஆட்கள் ஊருக்குப் போயிருப்பார்கள். சாட்சி சொல்ல யாரும் கிடைக்க மாட்டார்கள்.

ஊழியர்களும் உள்ளே நுழைந்த நேரம், உண்மையில் வெளியேறிய நேரம், வார விடுமுறை கிடைத்ததா என்ற மூன்றையும் அன்றன்றே ஒரு நோட்டில் தேதியோடு எழுதிவையுங்கள். பி.எஃப். பாஸ்புக்கை மத்திய அரசின் உமாங் செயலியில் மாதாமாதம் பாருங்கள். இ.எஸ்.ஐ. எண்ணை வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே கேட்டு வாங்குங்கள். சந்தா நாள்கள் குறைந்திருந்தால் பங்களிப்புக் காலம் முடியும்வரை காத்திராமல் உடனே எழுத்தில் புகார் கொடுங்கள்.

– ஒரு வாசகர், தியாகராய நகர், சென்னை-17