எஃப்/32-உம் முப்பது நொடியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் வந்த ஒளிப்படக் குறிப்பில் இரண்டு யோசனைகள் இருந்தன. பூச்சியைக் கிட்டத்தில் எடுக்க அபெர்ச்சரை, அதாவது லென்ஸில் ஒளி நுழையும் துளையை, எஃப்/32 வரை மூட வேண்டும் என்பது ஒன்று (எஃப் எண் கூடக் கூடத் துளை சிறுக்கும்). நட்சத்திரம் எடுக்க ஃபோகஸ் வளையத்தை முடிவிலிக் குறியில் வைத்து ஷட்டரை முப்பது நொடி திறந்துவிட வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டையும் அப்படியே செய்து பார்த்தால் இரண்டு படமும் மங்கலாகத்தான் வரும். மாசிப் பனி இறங்கும் இந்த மாதம்தான் வேலூர் பக்கம் இரண்டுக்குமே தோதான காலம் என்பதால் உடனே திருத்தி எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் எஃப்/32. பூச்சி தன் உண்மையான அளவிலேயே சென்சாரில் (கேமராவுக்குள் படம் பதியும் தகட்டில்) விழுவதை 1:1 என்கிறோம். அந்த நிலையில் ஏபிஎஸ்-சி எனும் நடுத்தரச் சென்சார் அளவுள்ள கேமராவில் எஃப்/11 வைத்தால் தெளிவாக விழும் ஆழம் சுமார் 0.9 மி.மீ. தான். ஓர் அரிசிமணியின் கனம்கூட இல்லை. தட்டானின் கண் தெளிந்தால் கால் மங்கும். அதனால்தான் துளையை இன்னும் மூடலாமே என்று தோன்றுகிறது. ஆனால் 1:1-இல் எஃப் எண் ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும்: எஃப்/11 வைத்தால் எஃப்/22 போலவும், எஃப்/32 வைத்தால் எஃப்/64 போலவும் வேலை செய்யும். (நிக்கான் கேமராக்கள் கூடிய எண்ணையே திரையில் காட்டிவிடும். அதைப் பார்த்து லென்ஸ் கெட்டுவிட்டதோ என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம்.) அவ்வளவு சின்னத் துளையில் நுழையும் ஒளி விளிம்பில் பட்டுப் பரவுகிறது. எஃப்/64-இல் ஊசிமுனைப் புள்ளிகூடச் சென்சாரில் 0.08 மி.மீ.க்கு மேல் அகலமான வட்டமாக விழும். 4 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பிக்சல் உள்ள கேமராவில் அது இருபது பிக்சல். ஆழம் கூடும், ஆனால் எங்குமே கூர்மை இருக்காது. எஃப்/8-க்கும் எஃப்/11-க்கும் நடுவில் நிற்பதுதான் நல்லது. ஆழம் போதவில்லை என்றால் கேமராவின் கோணத்தை மாற்றுங்கள். தட்டானின் இறக்கைக்கும் உடம்புக்கும் சென்சார் இணையாக இருக்கும்படி பக்கவாட்டில் போனால் அதே 0.9 மி.மீ.க்குள் பூச்சியின் பெரும்பகுதி அடங்கிவிடும்.

கையில் பிடித்து எடுப்பவர்கள் கை நடுக்கத்தை மட்டும்தான் கணக்கில் வைக்கிறார்கள். கிட்டத்தில் எடுக்கும்போது பெரிய எதிரி உடம்பு முன்னும் பின்னும் அசைவது. மூச்சு விட்டாலே இரண்டு மி.மீ. போய்விடும், தெளிவான ஆழத்தைப்போல இரண்டு மடங்கு அது. லென்ஸில் உள்ள, ஆட்டத்தைத் தணிக்கும் ஸ்டெபிலைசர் பெரும்பாலும் சாய்வு அசைவைத்தான் சரிசெய்யும், இந்த முன்பின் அசைவை ஒன்றும் செய்யாது. ஆட்டோஃபோகஸும் இங்கே தேடித் தேடித் தோற்கும். அதனால் ஃபோகஸை மேனுவலில் போட்டு, எவ்வளவு பெரிதாக வேண்டுமோ அந்த இடத்தில் வளையத்தை நிறுத்திவிடுங்கள். பிறகு வளையத்தைத் தொடாமல் உடம்பை மெதுவாக முன்னே சாய்த்து, கண் தெளியும் கணத்தில் மூன்று நான்கு படம் தொடர்ச்சியாக அடியுங்கள். பத்தில் இரண்டு தேறினால் கை பழகிவிட்டது என்று பொருள்.

இதைவிட நல்ல பிடி ஒன்று உண்டு. பூச்சி உட்கார்ந்திருக்கும் குச்சியையோ புல்லையோ இடது கையின் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்துக்கொண்டு, லென்ஸின் முன்பகுதியை அதே கையின் மேல் சாய்த்துவிடுவது. கை ஆடினால் பூச்சியும் லென்ஸும் சேர்ந்தே ஆடும்; இடைவெளி மாறாது. காற்றில் தலையாட்டும் புல்லுக்கும் இதுவே மருந்து. பாலாற்றங்கரை எருக்கஞ்செடியில் இருக்கும் புழுவுக்கு இது கச்சிதமாகப் பொருந்தும். மாமரத்து முசுறு எறும்புக்கு மட்டும் வேண்டாம், விரலைப் பதம் பார்த்துவிடும்.

இனி ஒளி. எஃப்/11-இல் காலை வெளிச்சம் மட்டும் போதாது, ஃபிளாஷ் வேண்டும். ஷட்டர் 1/200 நொடி, ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு) 200 வைத்து ஃபிளாஷ் இல்லாமல் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். ஏறக்குறையக் கறுப்பாக வர வேண்டும். அப்போதுதான் படத்தை உண்டாக்குவது ஃபிளாஷ் ஒன்றே என்று ஆகும். தனி ஃபிளாஷை 1/16 சக்தியில் வைத்தால் அது எரிவது 1/5000 நொடிக்கும் குறைவு; கை நடுக்கம் அந்த நேரத்துக்குள் தெரியாது. ஐஎஸ்ஓவை 1600-க்கு ஏற்றிவிட்டு ஃபிளாஷும் போடுகிறவர்களுக்குப் பூச்சியின் ஓரத்தில் ஆவி போல இரண்டாவது கோடு விழும். வெயில் வரைந்த மங்கல் படமும் ஃபிளாஷ் வரைந்த கூர்மையான படமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறியதால் வருவது அது. குதிக்கும் சிலந்தியின் கண்ணிலோ வண்டின் முதுகிலோ வெள்ளைப் பொட்டு விழுந்தால் ஃபிளாஷ் ஒளியைப் பரப்பும் டிஃப்யூசர் சிறியது அல்லது தூரத்தில் இருக்கிறது. மிக்சி, டிவி பெட்டிகளில் சுற்றி வரும் வெள்ளை நுரைத்தாளை இரண்டு மடிப்பாக லென்ஸின் முன்விளிம்பு வரை வளைத்துக் கட்டினால் போதும்.

டிரைபாட் கொண்டுபோக முடியாதவர்களுக்கு ஒரு வழி: ஹார்டுவேர் கடையில் இஞ்சுக்கு இருபது மரையுள்ள கால் இஞ்ச் போல்ட் வாங்கி, அதில் கயிறு கட்டி, கேமராவின் அடியில் திருகி, கயிற்றின் மறுமுனையைக் காலால் மிதித்துக்கொண்டு மேலே இழுத்துப் பிடிக்கலாம். போல்ட் 5 மி.மீ.க்கு மேல் உள்ளே போகக்கூடாது. ஒரு நட்டும் வாஷரும் போட்டுத் தடுத்துக்கொள்ளாவிட்டால் கேமராவின் அடிப்பகுதி உடையும்.

அடுத்தது வானம். இங்கே நாம் ஆடவில்லை, வானம் ஓடுகிறது: மணிக்கு 15 டிகிரி. 18 மி.மீ. லென்ஸும் 3.9 மைக்ரான் பிக்சலும் உள்ள கேமராவில் ஏறக்குறைய மூன்று நொடிக்கு ஒரு பிக்சல் நகரும். முப்பது நொடி திறந்தால் ஓரியனின் இடுப்பு நட்சத்திரங்கள் பத்து பிக்சல் நீளக் கோடாகும். 500-ஐ லென்ஸின் குவிய நீளத்தால் (18 மி.மீ. என்பது போன்ற எண்) வகுத்து நொடியைக் காணும் பழைய கணக்கு பிலிம் காலத்துக்குச் சரி. இப்போது இப்படிப் போடுங்கள்: எஃப் எண்ணை 35-ஆல் பெருக்கி, மைக்ரானில் பிக்சல் அளவை 30-ஆல் பெருக்கி, இரண்டையும் கூட்டி, குவிய நீளத்தால் வகுக்க வேண்டும். கேமராவோடு வரும் எஃப்/3.5 கிட் லென்ஸுக்கு 122.5-உம் 117-உம் சேர்ந்து 239.5, 18-ஆல் வகுத்தால் 13 நொடி. ஐஎஸ்ஓ 3200. ஒளி போதாது, புள்ளிப் புள்ளியாக வருகிறது என்றால் நேரத்தை நீட்டாமல் அதே 13 நொடியில் பதினாறு படம் எடுத்து, சீக்வேட்டர் போன்ற இலவச மென்பொருளில் அடுக்குங்கள். அந்தப் புள்ளி இரைச்சல் நான்கில் ஒரு பங்காகக் குறையும். ரா கோப்பாக (சுருக்காத மூலப் பதிவாக) எடுப்பது, இரண்டு நொடி டைமர், டிரைபாடில் வைத்ததும் ஸ்டெபிலைசரை அணைப்பது, இதெல்லாம் பலருக்கும் தெரிந்ததுதான்.

முடிவிலிக் குறியை நம்பவே வேண்டாம். பெரும்பாலான லென்ஸ்கள் அதைத் தாண்டியும் திரும்பும். லைவ் வியூவில், அதாவது கேமராவின் பின்திரையில், பிரகாசமான ஒரு நட்சத்திரத்தைப் பத்து மடங்கு பெரிதாக்கி, அது மிகச் சின்னப் புள்ளியாகும் வரை வளையத்தை மயிரிழையாகத் திருப்பி, அங்கேயே டேப் ஒட்டிவிடுங்கள். மாலையில் என்றால் தெற்கே அகத்தியர் நட்சத்திரம், விடியற்காலையில் சுவாதி அல்லது கேட்டை. இந்த மாதம் நான்கு மணிக்கு மேல் தென்கிழக்கில் கேட்டைக்கும் மூலத்துக்கும் இடதுபக்கம் பால்வீதியின் மையப் பகுதி எழும்பி வரும். அதனால் ஊருக்கு வடக்கே போய் நின்றால் நகரத்து வெளிச்சம் படத்துக்குள் வந்துவிடும். கணியம்பாடி பக்கம் தெற்கே போய் வேலூரை முதுகுக்குப் பின்னால் வையுங்கள். ஜவ்வாது மலைக்குப் போவோருக்கு இதைவிட நல்ல வானம் கிடைக்கும். ஆனால் காவலூர் வானாய்வகம் அருகே ஹெட்லைட்டையும் டார்ச்சையும் அணைத்துவிடுங்கள். 1977-இல் யுரேனஸின் வளையங்கள் பதிவான இடங்களில் ஒன்று அந்த ஆய்வகம். 2.34 மீட்டர் தொலைநோக்கி இன்றும் அங்கே வேலை செய்கிறது.

மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள், லென்ஸை விட்டுவைக்குமா? நாலரை மணிக்கு நட்சத்திரமெல்லாம் பஞ்சுருண்டை போல வந்தால் ஃபோகஸைத் திருப்பாதீர்கள், முதலில் முன்கண்ணாடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். பனி படர்ந்திருக்கும். துடைத்தால் ஐந்து நிமிடத்தில் மறுபடி படரும். பவர்பேங்கில் ஓடும் சூட்டுப்பட்டையை முன்கூட்டியே லென்ஸில் சுற்றிவிட வேண்டும். ஐந்தேகால், ஐந்தரைக்கெல்லாம் வானம் வெளுத்துவிடும். அதே பனியில் நனைந்து அசைய முடியாமல் ஏழு மணி தாண்டியும் புல்நுனியில் தட்டான்கள் தொங்கிக்கொண்டிருக்கும். வெயில் ஏறினால் ஒன்றும் நிற்காது.

இனி இணைப்பில் வாசகர் படம் போடும்போது அதன் கீழே ஷட்டர், அபெர்ச்சர், ஐஎஸ்ஓ, லென்ஸ், கையில் பிடித்ததா டிரைபாடா என்ற விவரத்தை ஒரு வரியில் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன். பேருக்கும் ஊருக்கும் இடம் இருக்கும்போது அதற்கும் இருக்கும்.

இப்படிக்கு,
வாசகர்,
காட்பாடி