ஒதுங்கியவர்களா, ஒதுக்கப்பட்டவர்களா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நியூயார்க் நகரில் குடியேறியவர்களைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். சீனர்களும் கொரியர்களும் வங்காளிகளும் தத்தம் தெருக்களில், தத்தம் கடைகளோடும் வழிபாட்டு இடங்களோடும் வாழ்வதால், அவர்கள் அமெரிக்காவோடு கலக்கவில்லை என்று கட்டுரையாளர் முடிவு கட்டுகிறார். அந்நகரின் குவீன்ஸ் பகுதியில் 26 ஆண்டுகளாக வாழ்ந்துவரும் என்னால் அந்த முடிவை ஏற்க இயலவில்லை.

ஃபிளஷிங்கில் பௌன் தெரு என்று ஒன்று உண்டு. அப்போது இப்பகுதியை ஆண்ட டச்சு ஆளுநர் பீட்டர் ஸ்டைவசென்ட், குவேக்கர்கள் என்ற கிறித்தவப் பிரிவினருக்கு எவரும் இடம் தரக் கூடாது என்று தடை விதித்தபோது, அவ்வூர் மக்கள் சுமார் 30 பேர் 1657இல் ஒரு விண்ணப்பத்தில் கையெழுத்திட்டு, யூதரானாலும் துருக்கியரானாலும் எகிப்தியரானாலும் அன்போடு வருகிறவரைத் தண்டிக்க மாட்டோம் என்று அவருக்குத் தெரிவித்தார்கள். பின்னர் 1662இல் தம் வீட்டில் குவேக்கர்கள் கூடி வழிபட இடமளித்ததற்காகச் சிறைப்பட்டு, கடல் கடந்து அனுப்பப்பட்ட ஜான் பௌன், ஆம்ஸ்டர்டாமில் அந்தக் குடியேற்றத்தை நடத்திய டச்சு மேற்கிந்தியக் கம்பெனியிடமே முறையிட்டு வென்று திரும்பினார். அவர் பெயரைத் தாங்கிய அந்தத் தெருவில், முன்பு ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் தேவாலயம் இருந்த இடத்தில், ஐ.நா. சபையில் பணியாற்றிய அழகப்பா அழகப்பன் முதலியோரின் முயற்சியால் எழுந்த மகா வல்லப கணபதி கோயிலுக்கு 1977 ஜூலை 4 அன்று குடமுழுக்கு நடந்தது. அது அமெரிக்காவின் சுதந்திர நாள். அக்கோயிலின் கீழ்த்தளத்து உணவகத்தில் தோசைக்காக வரிசையில் நிற்பவர்களை ஒருமுறை பார்த்தவர், கோயிலை மக்களைப் பிரிக்கும் மதில் என்று எழுத மாட்டார்.

இப்படித் தம்மவரோடு கூடி வாழ்வது நம்மவர்களோடு தொடங்கியதும் அன்று. மன்ஹாட்டனின் கீழைப் பகுதியில் நெருக்கியடித்து வாழ்ந்த கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் 1897இல் தங்கள் தாய்மொழியான இத்திஷ் மொழியில் ‘ஃபோர்வெர்ட்ஸ்’ என்ற நாளிதழைத் தொடங்கினார்கள். 1906 முதல் அதில் வாசகர் கடிதங்களுக்கென்றே ஒரு பகுதி வந்தது. வேலை, காதல், மதம், பிள்ளை வளர்ப்பு என்று மனத்தை உறுத்தியதையெல்லாம் மக்கள் எழுதிக் கேட்டார்கள். அந்தப் பகுதி தொடங்கும் முன்பே, 1903இல், பேஸ்பால் என்ற விளையாட்டில் என்ன பொருள் இருக்கிறது என்று கேட்ட ஒரு தந்தைக்கு, பையனை விளையாட விடுங்கள், இல்லையென்றால் அவன் இந்த நாட்டிலேயே அந்நியனாக வளர்வான் என்ற பொருள்பட ஆசிரியர் ஏப்ரகாம் கஹான் பதில் எழுதினார். அந்தத் தந்தைக்கு அமெரிக்காவைக் கற்றுக்கொடுத்தது ஆங்கிலம் அன்று, அவருடைய தாய்மொழிதான் என்பதைக் கட்டுரையாளர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஒதுங்கி வாழ்கிறார்கள் என்று குறை சொல்லும்போது, ஒதுக்கி வைத்தவர்களைப் பற்றியும் ஒரு வரியாவது எழுதியிருக்கலாம். 1882இல் சீனத் தொழிலாளர்களுக்குக் கதவடைத்த சட்டம் 1943 வரை நீங்கவில்லை. 1924இல் வந்த, எந்த நாட்டிலிருந்து எத்தனை பேர் குடியேறலாம் என்று வரையறுத்த ஒதுக்கீட்டு முறை ஆசியாவையே ஏறத்தாழ விலக்கிவைத்தது. 1965இல் அது ஒழிந்த பிறகே எங்களைப் போன்றோர் பெருமளவில் வர முடிந்தது. மனைவியையும் பிள்ளைகளையும் அழைத்துவர வழியில்லாமல் சைனாடவுனில் தனித்தே முதுமை அடைந்த ஆண்களிடம் போய், நீங்கள் ஏன் கலக்கவில்லை என்று கேட்பது நியாயமாகுமா?

எங்கள் வீட்டில் நேர்ந்ததையும் சொல்ல வேண்டும். மகளுக்கு நான்கு வயதானபோது, வீட்டிலும் ஆங்கிலமே பேசுங்கள், இல்லாவிட்டால் குழந்தை பின்தங்கிவிடும் என்று பள்ளியில் அறிவுரை கூறினார்கள். நாங்களும் கேள்வி கேட்காமல் அதைப் பின்பற்றினோம். அவள் பின்தங்கவில்லை, ஆனால் தஞ்சாவூரிலிருந்து வந்து ஆறு மாதம் எங்களோடு இருந்த என் தாயாரிடம் அவளால் நான்கு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச முடியவில்லை. இருவரும் ஒரே சோபாவில் அமர்ந்து தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த மாலைகளை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு கனக்கிறது. என் தாயார் இப்போது இல்லை. அவர் எனக்கு எழுதிய கடிதங்களைப் படிப்பதற்காக, மகள் தன் 25ஆம் வயதில் அகரம் தொடங்கியிருக்கிறாள்.

கலத்தல் என்ற பெயரில் குடும்பங்கள் இழந்தவற்றைப் பற்றியும் தங்கள் இதழில் ஒரு கட்டுரை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். வார விடுமுறைகளில் இங்கே ஊதியமின்றித் தமிழ் கற்பிக்கும் பெற்றோர்களிடம் கட்டுரையாளர் பேச விரும்பினால், அவர்களை அறிமுகம் செய்து வைக்கவும் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
குவீன்ஸ், நியூயார்க்