நவம்பர் 1 தாளில் இன்னும் இரண்டு வரி

சிவகாசியில் தினசரி காலண்டர் அச்சடிக்கும் அச்சக உரிமையாளர்களுக்கும், ஒவ்வொரு தாளுக்கும் விவரம் தொகுத்துக் கொடுப்பவர்களுக்கும் வணக்கம்.

நான் கன்னியாகுமரி மாவட்டம், விளவங்கோடு பக்கத்துக்காரன். எங்கள் வீட்டில் காலண்டர் கிழிக்கும் உரிமை தாத்தாவுக்கு மட்டும்தான். விடிந்ததும் முகம் கழுவிவிட்டு வந்து, நேற்றைய தாளை ஓரம் பிசிறாமல் கிழிப்பார். புதுத் தாளில் நல்ல நேரம், ராகு காலம், சந்திராஷ்டமம் எல்லாவற்றையும் வாய்விட்டு வாசிப்பார். கிழித்த தாளின் பின்பக்கம் எங்களுக்குக் கணக்குப் போட. நவம்பர் 1 தாளை மட்டும் தரமாட்டார். நான்காக மடித்து ரேஷன் கார்டு உறைக்குள் செருகிக்கொள்வார். அவர் போன பிறகு அந்த உறையைப் பிரித்தேன். பதினோரு தாள்கள் இருந்தன. சகல புனிதர்கள் திருநாள் என்று ஒரு வரி, சிலவற்றில் மொழிவாரி மாநிலங்கள் அமைந்த நாள் என்று இன்னொரு வரி. அவர் எதற்காக அந்தத் தாளைப் பத்திரப்படுத்தினாரோ, அது ஒன்றில்கூட இல்லை.

1956 நவம்பர் 1 அன்றுதான் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. சும்மா கிடைத்துவிடவில்லை. நேசமணி தலைமையில் ஆண்டுக்கணக்கில் நடந்த போராட்டம் அது. 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டதில் எங்கள் ஊர்க்காரர்கள் செத்தார்கள். கேட்ட தாலுகாக்கள் எல்லாம் வந்துசேரவும் இல்லை. தேவிகுளம், பீர்மேடு, நெய்யாற்றின்கரை எல்லாம் அந்தப் பக்கமே நின்றுவிட்டன. தாத்தா அந்தத் தேதியைச் சொல்லும்போது அவர் குரலில் சந்தோஷமும் இருக்கும், ஒரு கரகரப்பும் இருக்கும்.

களியக்காவிளையைத் தாண்டினால் அதே நாள் கேரளப் பிறவி. பள்ளிப் பிள்ளைகள் கசவு உடுத்திக்கொண்டு போவார்கள். இந்தப்புறம் எங்களுக்கு உள்ளூர் விடுமுறை. கர்நாடகத்தில் ராஜ்யோத்சவம், மைசூர் மாநிலம் கர்நாடகம் என்று பெயர் மாறியதும் 1973இல் இதே தேதியில்தான். தெலங்கானாப் பகுதி சேர்ந்து ஆந்திரப் பிரதேசம் உருவானதும் 1956இன் அதே நாள். பிறகு 1966இல் ஹரியானா, 2000இல் சத்தீஸ்கர். ஒரே தேதியில் இத்தனை வாசல்கள் திறந்திருக்கின்றன.

ஆனால் இந்தத் தேதியில் என்னை அதிகம் உலுக்குவது 1954தான். அந்த ஆண்டு அக்டோபர் 18 அன்று கீழூரில் புதுச்சேரிப் பகுதிகளின் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு இணைய வேண்டும் என்றார்கள், 8 பேர் வேண்டாம் என்றார்கள். இரண்டே வாரத்தில், நவம்பர் 1 அன்று, புதுச்சேரி, காரைக்கால், மாகே, யானம் நான்கின் நிர்வாகமும் கை மாறியது. பிரெஞ்சுக் கொடி இறங்கியது. சரியாக அதே நாளில் வட ஆப்பிரிக்காவில், அல்ஜீரியாவில், பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்து விடுதலைப் போர் வெடித்தது. ஒரே அரசு, ஒரே நாள். இங்கே கையெழுத்துப் போட்டுக் கிளம்பியது. அங்கே எட்டு ஆண்டு நெருப்பை அள்ளிக் கொட்டியது. அல்ஜீரியா 1962 ஜூலை 5இல் விடுதலை பெற்றது. புதுச்சேரி சட்டப்படி முழுமையாக இந்தியாவுடன் இணைந்தது அதே 1962இன் ஆகஸ்ட் 16இல். இரண்டு கதைகளும் ஒரே தேதியில் தொடங்கி ஆறே வார இடைவெளியில் முடிந்திருக்கின்றன. இதை முதன்முதலில் படித்த அன்று வெகுநேரம் அந்தத் தேதியையே பார்த்துக்கொண்டிருந்தேன். காரைக்காலில் ஒரு பிள்ளை காலையில் தாளைக் கிழிக்கும்போது இந்த இரண்டு வரியும் அதன் கண்ணில் பட வேண்டாமா?

1858 நவம்பர் 1 அன்றுதான் கம்பெனி ஆட்சி முடிந்து விக்டோரியா ராணியின் பிரகடனம் இங்கே வாசிக்கப்பட்டது. 1959இல் இதே நாளில் எம்.கே. தியாகராஜ பாகவதர் மறைந்தார். எங்கள் தெருவில் அவர் பாட்டைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அதுவும் வரலாறுதான்.

தாளில் இடம் கிடையாது என்பீர்கள். தெரியும். திதி, நட்சத்திரம், யோகம், சூலம், பரிகாரம், ஹிஜ்ரி தேதி, பன்னிரண்டு ராசிக்கும் ஒவ்வொரு சொல் எல்லாம் உள்ளங்கை அகலத்தில் அடைக்கிறீர்கள். அதில் எதையும் எடுக்கச் சொல்லவில்லை. என் அம்மா அதைப் பார்த்துத்தான் இன்றும் வெளியே கிளம்புகிறார். கீழே பழமொழி வரும் இடத்தில் இரண்டு வரி போதும். எது நடந்தாலும் ஆண்டைச் சேர்த்துப் போடுங்கள். ஆண்டு இல்லாத செய்தி பாதிச் செய்தி. தலைவர்களின் பிறந்தநாளோடு ஊர்களின் நாளையும் போடுங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் தேதிகளை அப்படியே ஏற்றிவிடாதீர்கள். தமிழ்நாடு நாள் என்று ஒரு வருடம் நவம்பர் 1இலும், இன்னொரு வருடம் ஜூலை 18இலும் போட்டால் படிக்கிறவன் குழம்புவான். முதலாவது எல்லை அமைந்த நாள். மற்றது 1967இல் தமிழ்நாடு என்று பெயர் மாற்றச் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றிய நாள். இரண்டையும் அப்படியே பிரித்துச் சொல்லிவிடலாம்.

அப்புறம் இன்னொன்று. அந்தப் பெயருக்காக 1956 ஜூலை 27 அன்று உண்ணாவிரதம் தொடங்கி அக்டோபர் 13 அன்று உயிரை விட்டவர் சங்கரலிங்கனார். மாநிலங்கள் பிரிந்த நவம்பர் 1க்கு மூன்று வாரம்கூட மீதமில்லை. உங்களுக்குப் பக்கத்து ஊர், விருதுநகர். உங்கள் அச்சகத்தில் வேலை பார்க்கும் பலருக்கு அது சொந்த ஊராக இருக்கும். அக்டோபர் 13 தாளிலாவது அவர் பெயர் வரட்டும்.

ஆடிப்பெருக்குக்குப் புதுக் காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பம் வெளியிடுவீர்கள், ஆர்டர் எடுப்பீர்கள் என்று தெரியும். அதற்குள் இந்த மடல் உங்கள் கைக்கு வந்துசேர வேண்டும் என்றுதான் இப்போதே எழுதுகிறேன். வருகிற தையில் புதுக் காலண்டரை ஆணியில் மாட்டியதும் நான் முதலில் புரட்டப்போவது நவம்பர் 1. தாத்தாவின் உறையில் பன்னிரண்டாவது தாளுக்கு இடம் இருக்கிறது.