முதல் கதாநாயகி என்பதோடு நிறுத்திவிடாதே

அன்புள்ள கயல்,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் நலம். போனில் நீ கேட்டதற்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. எனக்குத்தான் போனில் பேச்சு ஓடாதே. அதனால் எழுதுகிறேன், நிதானமாகப் படி.

நல்ல வேஷம் எதுவும் வருவதில்லை, அதனால் நானே ஒரு படம் தயாரிக்கலாம் என்று பார்க்கிறேன் என்றாய். நீ படம் எடுப்பதில் எனக்கு ஒரு தடையும் இல்லை. ஆனால் அதற்கு நீ சொன்ன காரணம் எனக்குச் சரியாகப் படவில்லை.

நீ நாடகத்தில் சேர்ந்த புதிதில் டி. பி. ராஜலட்சுமியைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். தமிழில் பேசும் படத்தின் முதல் கதாநாயகி என்று கேட்டு வைத்துக்கொண்டாய். பள்ளிப் பொது அறிவுப் புத்தகத்திலிருந்து பத்திரிகைக் கட்டுரை வரை எல்லாரும் அந்த இடத்தோடுதான் நிறுத்திக்கொள்கிறார்கள். 1931 அக்டோபர் 31, 'காளிதாஸ்', கதாநாயகி டி. பி. ராஜலட்சுமி, கதை முடிந்தது. எனக்கு அதில் எப்போதும் ஒரு குறை உண்டு. அவர் செய்த பெரிய காரியம் அது இல்லை என்பது என் எண்ணம்.

முதலில் மேடைக்கு வருகிறேன், அதுதான் உன் இடம். ராஜலட்சுமி திருவையாற்றில் பிறந்தவர். குழந்தைத் திருமணம் நடந்து, அது நிலைக்கவில்லை. தகப்பனாரும் போய்விட்டார். அம்மாவும் பெண்ணுமாகத் திருச்சிக்கு வந்தார்கள். வாழாமல் வந்த பெண்ணை வீட்டுக்குள்ளேயே வைத்திருப்பதுதான் அன்றைய வழக்கம். அந்தத் தாய் பெண்ணின் குரலை நம்பி நாடகக் கம்பெனிக்குக் கூட்டிக்கொண்டு போனார். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் அந்தச் சிறுமியின் பாட்டைக் கேட்டுவிட்டுச் சிபாரிசு செய்தார் என்பார்கள். ஊர் என்னவெல்லாம் பேசியிருக்கும்! நீ நாடகத்துக்குப் போனபோது நம் சொந்தக்காரர்கள் பேசியதையே நான் கேட்டேனே. அவர் கேட்டது அதைப்போல் பல மடங்கு இருந்திருக்கும்.

அந்தக் காலத்து மேடையைக் கொஞ்சம் நினைத்துப் பார். மைக் கிடையாது. ஆர்மோனியக்காரர் சுருதியைப் பிடித்துக் கொடுத்ததும் கடைசி வரிசையில் துண்டை விரித்து உட்கார்ந்திருப்பவர் காதில் விழுகிற மாதிரிப் பாட வேண்டும், அதுவும் விடிய விடிய. பையன்களை வைத்து நடத்தும் பாய்ஸ் கம்பெனிகளில் பெண் வேஷத்தையும் அவர்களே கட்டுவார்கள். ஸ்பெஷல் நாடகம் என்றால் இன்னும் கஷ்டம். கதாநாயகனான ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்து வருவார், கதாநாயகியான ஸ்திரீபார்ட் இன்னொரு ஊரிலிருந்து வருவார், ஒத்திகையே இருக்காது. வள்ளி வேஷம் போட்டவர் தினைப்புனத்தில் நிற்கும்போது நாரதராக வருபவர் என்ன தர்க்கம் பண்ணுவார் என்று மேடையில்தான் தெரியும். அவர் பாட்டில் ஒன்று கேட்டால் இவர் அதே மெட்டில், அந்த இடத்திலேயே, திருப்பிக் கொடுக்க வேண்டும். தடுமாறினால் கூட்டம் விசில் அடித்துவிடும்.

பேசும் படம் வந்தபோது இந்தத் தொண்டைதான் மூலதனம். பின்னணிப் பாட்டு என்பதே அப்போது கிடையாது, நடிப்பவரே பாட வேண்டும், காமிரா ஓடும்போதே ஒலியும் பதிவாகும். அதனால்தான் மேடைப் பாடகர்களாகத் தேடிப் பிடித்தார்கள். 'காளிதாஸ்' பம்பாயில் எடுக்கப்பட்டது, எச். எம். ரெட்டி இயக்கம், இம்பீரியல் கம்பெனி தயாரிப்பு. ராஜலட்சுமி தமிழில் பேச, கதாநாயகன் தெலுங்கில் பதில் சொன்னார். இன்று கேட்டால் வேடிக்கையாக இருக்கும். ஆனால் எதிரில் நிற்பவர் வேறு பாஷையில் பேசும்போது முகம் மாறாமல், தாளம் தப்பாமல் தன் பாகத்தைக் கொண்டுபோவது லேசான வேலையா? தர்க்கம் பண்ணிப் பழகியவருக்குத்தான் அது கைவரும். படத்தில் மதுரகவி பாஸ்கரதாஸின் தேசபக்திப் பாட்டும் பாடினார். காளிதாசன் கதையில் காந்தியின் ராட்டினம் எங்கே வந்தது என்று யாரும் கேட்கவில்லை, ஜனங்கள் கொண்டாடினார்கள்.

1933இல் 'வள்ளி திருமணம்', அதுவும் கல்கத்தா போய் எடுத்தது. சென்னையில் பேசும் படம் எடுக்க 1934 வரை வசதியே இல்லை. படம் நன்றாக ஓடியது. பேரும் புகழும் 'சினிமா ராணி' பட்டமும் வந்தன.

இப்போது நான் சொல்ல வந்த இடம். 1936. வேஷத்துக்கு ஒரு பஞ்சமும் இல்லாத நேரத்தில் 'மிஸ் கமலா' என்று ஒரு படம் எடுத்தார். கதை அவர் எழுதிய 'கமலவல்லி' நாவல். தயாரிப்பு அவர், இயக்கம் அவர், நடிப்பும் அவர். தென்னிந்தியாவில் ஒரு பெண் படம் இயக்கியது அதுதான் முதல் தடவை. 'காளிதாஸ்' பிறர் கொண்டுவந்து கொடுத்த வாய்ப்பு, அவர் போகாவிட்டால் இன்னொரு மேடைப் பாடகி போயிருப்பார். 'மிஸ் கமலா' அப்படி இல்லை, ராஜலட்சுமி எடுக்காவிட்டால் அந்தப் படமே இல்லை.

கயல், உன்னிடம் அப்படி ஒரு கதை இருக்கிறதா? இருந்தால் நாளைக்கே தொடங்கு, வேஷம் வந்தாலும் வராவிட்டாலும் தொடங்கு. இல்லையென்றால் ஒரு வருஷம் பொறுத்து முதலில் எழுது. வேஷம் கிடைக்கவில்லை என்ற கோபத்தில் எடுக்கிற படம், அந்தக் கோபம் ஆறினதும் பாதியில் நிற்கும். அதற்குள் கடன் மட்டும் வளர்ந்திருக்கும்.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அஞ்சலி தேவியும் மேடையிலிருந்து வந்தவர்தான். கணவர் ஆதிநாராயண ராவோடு சேர்ந்து அஞ்சலி பிக்சர்ஸ் நடத்தினார், 'அனார்கலி', 'சுவர்ண சுந்தரி' எல்லாம் அதில் வந்தவை. பானுமதி கணவர் ராமகிருஷ்ணாவோடு பரணி என்ற படக் கம்பெனியை நடத்தினார். 1953இல் 'சண்டிராணி'யைத் தமிழ், தெலுங்கு, இந்தி மூன்றிலும் அவரே இயக்கி நடித்தார். சாவித்திரி 1971இல் 'பிராப்தம்' எடுத்தார், படம் ஓடவில்லை, பட்ட நஷ்டம் உனக்கே தெரியும். அவர் நடிப்பில் என்ன குறை இருந்தது? ஒன்றும் இல்லை. காமிராவுக்கு முன்னால் நிற்பவரே கணக்கையும் தனியாகத் தூக்கிச் சுமப்பது ஆகாத காரியம். கணவர்தான் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை, அப்படி எடுத்துக்கொள்ளாதே. உன் முகத்துக்கு நேரே 'இது கட்டுப்படியாகாது' என்று சொல்கிற ஒருவர் கையில் கணக்கு நோட்டு இருக்கட்டும். ஒரு ப்ரொடக்‌ஷன் மேனேஜரையாவது போட்டுக்கொள்.

இன்னொன்று. 'காளிதாஸ்' படச்சுருள் இன்று ஒரு இடத்திலும் இல்லை. பாட்டுப் புத்தகமும் விளம்பரமும் புகைப்படங்களும்தான் மிச்சம். அந்தக் குரல் அதில் எப்படி ஒலித்தது என்று உன் தலைமுறைக்குக் கேட்க வழியில்லை. இதை நினைத்தால் எனக்கு இப்போதும் மனசு ஆறாது. நீ எடுப்பது இருபது நிமிஷப் படமானாலும் அதன் மூலப் பிரதியை, அதாவது மாஸ்டரை, இரண்டு மூன்று இடத்தில் வைத்துக்கொள், ஒரு ஹார்ட் டிஸ்க் நம் வீட்டு பீரோவில் இருக்கட்டும். டைட்டிலில் தயாரிப்பு என்ற இடத்தில் உன் பெயரை முழுசாகப் போடு. கூட்டாகச் செய்தோம், பெயர் எதற்கு என்று நண்பர்கள் சொன்னாலும் கேட்காதே.

மேடையை மட்டும் விட்டுவிடாதே. மாசம் ஒரு நாடகமாவது நடி.

வீட்டுப் பத்திரத்தை இதற்காக அடகு வைக்க நான் சம்மதிக்க மாட்டேன். ஆனால் என் பேரில் உள்ள டெபாசிட்டில் பாதியைத் தருகிறேன். சித்தப்பா கணக்குப் பார்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார், அவருக்கு ஒரு போன் போடு. கதையை எழுதி முடித்ததும் எனக்கு அனுப்பு, சவுண்டுக்கும் எடிட்டிங்குக்கும் எவ்வளவு ஒதுக்கியிருக்கிறாய் என்பதையும் தனியாக எழுதி வை.

அன்புடன்,
அம்மா